காலித் தலையிட மீட்புக் குழு

சத்தத்தின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் அதை இரண்டு காலங்களாகப் பிரித்தே எழுத வேண்டும். எங்கள் முதலாளி தாக் க்வான்ஹோ மிக்ஸிங் அறையின் கதவைத் திறப்பதற்கு முன் ஒன்று, திறந்ததற்குப் பின் ஒன்று. முன்னது இருண்ட காலம். அப்போதெல்லாம் பாட்டுகளில் மெதுவான இடங்கள் இருந்தன.

நான் நம்குங் யோல். சியோலில் மாப்போ பகுதியில், பன்றிக்கால் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இயங்கும் 'இடியோசை' இசை நிறுவனத்தின் திட்டப் பிரிவுத் தலைவர். பதினொரு ஆண்டுச் சேவையில் இதுவரை எந்தக் கூட்டத்திலும் எதிர்த்து வாக்களித்ததில்லை. திட்டப் பிரிவுத் தலைவருக்கு இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்?

முதலாளியைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் இளமையில் லாரியில் முட்டை விற்றவர். "முட்டை வந்திருச்சு, புது முட்டை" என்று அவர் சொந்தக் குரலில் பதிவுசெய்து கூரைமேல் கட்டிய ஒலிபெருக்கி நான்கு தெருவுக்குக் கேட்குமாம். முட்டையைவிட ஒலிபெருக்கியைத்தான் எல்லோரும் விசாரித்தார்கள். ஆகவே முட்டையை விட்டுவிட்டு ஒலிபெருக்கி விற்றார். பிறகு தேர்தல் பிரசார வண்டிகளுக்கு வாடகைக்கு விட்டார். அவருடைய சத்தத்தால் வென்ற வேட்பாளர்கள் உண்டு. அதே சத்தத்தால் தோற்றவர்களும் உண்டு. இருதரப்பும் வாடகை கொடுத்தார்கள். அந்த வெற்றியின் மேல் நின்றுதான் அவர் இசைத்துறைக்குள் குதித்தார்.

எங்கள் ஒலிப்பொறியாளர் பொங் மிரான் என்ற பெண்மணி. பெயர்தான் பொங், பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பொங்கி யாரும் பார்த்ததில்லை. பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து பாட்டாக்குவது அவர் வேலை. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகிற வழியில் மங்வொன் சந்தையில் தொடுகறி வாங்குவார். அங்கேதான் ஓக் புன்ரே அக்காவைக் கண்டெடுத்தார்.

புன்ரே அக்காவுக்கு அறுபத்தொரு வயது. முள்ளங்கியில் கிம்சி ஊறுகாய் போட்டு விற்பவர். மிளகாய்ப் பொடியைப் பிசைந்துகொண்டே பாடுவார். முப்பது வருடமாக ஊரார் கல்யாணத்திலும் அறுபதாம் பிறந்தநாளிலும் பாடியவர். சொந்தமாக ஒரு பாட்டு கிடையாது. பொங் ஒருவழியாக எங்கள் நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்து, அவருக்கென்று ஒரு பாட்டைப் பதிவுசெய்தார். பெயர் 'சோறு ஆறுது'. வராத ஒருவருக்காகச் சோறு வடித்து வைத்துக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு. காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுவதுபோல் ஆரம்பித்து, கடைசிச் சரணத்தில் ஒரே ஒரு கூவல். நான்கு விநாடி. அவ்வளவுதான்.

'பிந்திப் பூத்தவர்கள்' என்ற வெள்ளிக்கிழமைக் காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, அதை ஒளிபரப்ப முன்வந்தது. ஒரே நிபந்தனை: அடுத்த வாரம் வியாழன் மாலை ஐந்து மணிக்குள் பதிவு கைக்கு வந்துவிட வேண்டும்.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை காலை, முடித்துவைத்த பாட்டை பொங் எனக்குப் போட்டுக் காட்டினார். கடைசிச் சரணம் முடிந்தபோது என் கண்ணில் ஏதோ ஆகிவிட்டது.

"என்ன சார் ஆச்சு?" என்றார் பொங்.

"காபி ரொம்பச் சூடு" என்றேன்.

"அது ஐஸ் காபி சார்."

அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. இருண்ட காலம் முடிந்தது.

முதலாளி உள்ளே வந்தார். மற்றவர்களைப் போல ஒலிபெருக்கியின் முன்னால் உட்காராமல், நேரே போய்த் திரையின் முன்னால் நின்றார். பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அளவு காட்டும் பச்சைப் பட்டைகள் பாதி உயரத்தில் துள்ளிக்கொண்டிருந்தன. அவர் முகம் இறுகியது.

"என்னம்மா இது, பாதியிலயே நிக்குது?"

"சத்தத்தோட அளவு முதலாளி."

"அதுக்கு மேல காலியா கெடக்கே?"

"வேணும்னே விட்டதுதான். தலைக்கு மேல கொஞ்சம் இடம். கடைசியில அக்கா வாய்விட்டுக் கூப்பிடுவாங்கல்ல, அப்ப அந்த இடம் வேணும்."

"எவ்வளவு நேரம் கூப்பிடுவாங்க?"

"நாலு செகண்டு."

"நாலு செகண்டு கூப்பிடுறதுக்கு மூணு நிமிஷமா எடத்தைச் சும்மா போட்டு வெச்சிருக்கியா? மாடி வாடகை என்னன்னு தெரியுமா ஒனக்கு?" திரைக்கு இன்னும் நெருங்கினார். "இது என்ன, மைனஸ் பன்னெண்டு? பாட்டு நஷ்டத்துலயா ஓடுது?"

"டிஜிட்டல்ல எல்லாமே மைனஸ்தான் முதலாளி. பூஜ்யம்தான் உச்சி. அதுக்கு மேல நம்பரே கிடையாது."

"உச்சியே பூஜ்யமா? எவன்யா இதைக் கண்டுபிடிச்சது? நம்குங், குறிச்சுக்கோ. நம்ம கம்பெனியில மைனஸ் கூடாது."

குறித்துக்கொண்டேன்.

"சரி, பூஜ்யத்தைத் தாண்டினா என்ன ஆவும்?"

"அலையோட தலையைச் சீவிடும் முதலாளி."

"சீவட்டுமே! டிவிக்குப் போற பாட்டு. தலையைச் சீவிட்டுப் போனாத்தானே மரியாதை?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "போடும்மா பாட்டை. எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?"

"ஓடிட்டுதான் இருக்கு முதலாளி. முதல் சரணம் முடிஞ்சிருச்சு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்பது எனக்கும் தெளிவில்லை. திட்டப் பிரிவில் தலையாட்டுவதற்குக் காரணம் பின்னால் எழுதிக்கொள்ளப்படும்.

மறுநாளே 'காலித் தலையிட மீட்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், முதலாளி. செயலாளர், நான். உறுப்பினர், விளம்பரப் பிரிவின் சொக் தல்சு. பொங் மிரான் சிறப்பு அழைப்பாளர், வாக்குரிமை இல்லை. அவர் பாட்டில் விட்டது தலையிடம். நாங்கள் செய்யவிருந்தது தலையீடு. இரண்டுக்கும் ஓரிரு எழுத்து வித்தியாசம்தான் என்பதைத் தொடக்க உரையில் நானே எடுத்துச் சொன்னேன். கைதட்டினார்கள்.

சொக் தன் ஆய்வறிக்கையை வாசித்தார். "மத்த கம்பெனி பாட்டெல்லாம் ஸ்க்ரீன்ல பாத்தா சுவர் மாதிரி இருக்கு முதலாளி. நம்ம பாட்டு மட்டும் மலை மாதிரி ஏறி ஏறி இறங்குது. மலையேற யாருக்குப் பிடிக்கும்?"

சியோலில் ஞாயிற்றுக்கிழமை மலையேறாத ஒரே மனிதர் சொக். ஆனாலும் ஆய்வு ஆய்வுதான்.

பொங் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். சமையலறையிலிருந்து சின்ன காஸ் அடுப்பும் ஒரு பாத்திரமும் ராமியோன் நூடுல்ஸ் பாக்கெட்டுகளும் எடுத்துவந்து கூட்ட மேசைமேல் வைத்தார்.

"முதலாளி, இதுல தண்ணி எவ்வளவு ஊத்தலாம், சொல்லுங்க."

"முழுசா ஊத்து. முழுப் பாத்திரத்துக்குத்தானே காசு குடுத்தோம்?"

விளிம்புவரை ஊற்றினார். நூடுல்ஸைப் போட்டார். நாங்கள் மூவரும் பட்ஜெட் கூட்டத்தில்கூட இல்லாத கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு நுரை எழுந்தது, விளிம்பில் ஒரு கணம் நின்றது, பிறகு நாலு பக்கமும் வழிந்து அடுப்பை அணைத்து, மேசையில் ஓடி, என் கூட்டக் குறிப்பேட்டின்மேல் ஏறியது.

"அவ்வளவுதான் முதலாளி" என்றார் பொங். "வழிஞ்சது வழிஞ்சதுதான். இனிமே அடுப்பைக் குறைச்சாலும் கீழ போனது திரும்பப் பாத்திரத்துக்கு வராது. பாட்டும் அப்படித்தான். மொதல்ல வெட்டிட்டு அப்புறம் சத்தத்தைக் குறைச்சா, வெட்டின தலை மொளைக்காது."

முதலாளி எழுந்து நின்றார். கண்கள் மின்னின.

"பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் வளர்ச்சி!"

சொக் கைதட்டினார். நான் ஒரு கையில் நனைந்த குறிப்பேட்டைப் பிடித்திருந்ததால், மறுகையால் தொடையில் தட்டி ஆதரவைப் பதிவுசெய்தேன்.

தீர்மானங்கள் விறுவிறுவென்று நிறைவேறின. நிறுவனத்தின் எந்தப் பாட்டிலும் எந்த இடமும் வேறெந்த இடத்தையும்விடத் தாழ்வாக இருக்கக் கூடாது. இது 'ஒலிச் சமத்துவம்' எனப்படும். அளவு மீறும்போது எரியும் சிவப்பு விளக்கு இனிமேல் 'வாழ்த்து விளக்கு' என்று அழைக்கப்படும். பாட்டு முழுக்க அது அணையாமல் பார்த்துக்கொள்ளப்படும். "ஒருமனதாக" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். காகிதத்தில் மிளகாய் வாசம் வந்தது.

"நான் இதைப் பண்ண மாட்டேன்" என்றார் பொங். குரலை உயர்த்தவேயில்லை. "என்கிட்ட இருக்குறது அப்படியே இருக்கட்டும். பாட்டுல என் பேரை எடுத்துடுங்க."

அவர் மேசை தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மாற்றப்பட்டது. 'ஆவண ஒழுங்குப் பணி' என்ற புதிய பொறுப்பும் தரப்பட்டது. கிட்டத்தட்ட பதவி உயர்வு என்றே சொல்லலாம். நாற்காலி மட்டும் உயரம் குறைவு.

எனவே தலையிடத்தை மீட்கும் வரலாற்றுப் பணி என் தலையில் விழுந்தது. பொங்கின் அறையில் உட்கார்ந்தேன். ஏற்றி இறக்கும் குமிழ்கள் வரிசையாக இருந்தன. இறக்கும் வேலை நமக்கில்லை என்பதால் பாதிப் படிப்பு மிச்சம். எல்லாவற்றையும் உச்சிக்குத் தள்ளினேன். வாழ்த்து விளக்குகள் எரிந்தன. புரியாத பொத்தான் ஒன்று இருந்தது. அதையும் அழுத்தினேன். பாட்டை ஓடவிட்டேன்.

காதருகே பேசிய அக்கா, இப்போது பக்கத்து வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை போட்டார். கிம்சிக்கு நறுக்கிய முள்ளங்கித் துண்டு போல் ஒரே உயரத்தில் சதுரமாக நின்றது எல்லாம். கடைசிச் சரணம் வந்தது. அக்கா கூப்பிடவில்லை. ஏதோ துணி கிழிந்தது. நான்கு விநாடி கிழிந்துகொண்டே இருந்தது.

அது எனக்குக் கேட்டது. இதை மட்டும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

"இப்பத்தான்யா பாட்டே கேக்குது!" என்று என் முதுகில் தட்டினார் முதலாளி. நான் அந்தக் கோப்புக்குத் 'தலை சீவியது' என்று பெயரிட்டுத் தொலைக்காட்சி நிலையத்துக்கும், பாட்டுக் கேட்கும் செயலிகளுக்கும் அனுப்பினேன். பொங் கலந்து வைத்திருந்த கோப்பின் பெயர் 'தலையோடு'. அதை 'நிராகரிக்கப்பட்டவை' என்ற கோப்புறைக்குள் பத்திரமாக வைத்தேன். அது அங்கேயேதான் இருந்தது. என் மேசையிலிருந்து இரண்டு சொடுக்குத் தூரம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டே வரி. "குரல் உடைந்திருக்கிறது. வியாழன் ஐந்து மணிக்குள் மறுபடி அனுப்பவும்."

குழு அவசரமாகக் கூடியது. முதலாளி கடிதத்தை மூக்குக்கு நேரே பிடித்து வாசித்தார்.

"'மறுபடி அனுப்பவும்'னா என்ன அர்த்தம்? ரசிச்சிருக்கான்! இன்னொரு தடவ கேக்கணும்ங்கிறான்."

"'குரல் உடைந்திருக்கிறது'ன்னும் எழுதியிருக்காங்க முதலாளி" என்றார் சொக், கொஞ்சம் தயக்கத்தோடு.

"உருகிப் போயிட்டான்னு அர்த்தம். அழுகையில குரல் உடையாதா?"

அதே பாட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றி மறுபடி அனுப்பினோம்.

அன்று மதியம் புன்ரே அக்கா வந்தார். கையில் ஒரு டப்பா முள்ளங்கிக் கிம்சி, காலில் சந்தை ரப்பர் பூட்ஸ். நேரே என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இந்தப் பாட்டுல பாடுறது யாரு?"

"நீங்கதான் அக்கா."

"நானா? நான் இப்படியா கத்தினேன்? கடையில போன்ல போட்டு விட்டேன் தம்பி. சந்தை பூரா கேக்கட்டும்னு. மீன்காரன் வந்து 'அக்கா, அந்த ரேடியோவை நிறுத்துங்க, நண்டு பயப்படுது'ங்கிறான். சரி, சத்தமாவாவது இருக்கான்னு பாத்தா, எனக்கு முன்னாடி பாடினவளோட பாட்டு நிறைவா கேக்குது. என்னுது கம்பளிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு. கத்தவும் கத்துது, கேக்கவும் மாட்டேங்குது. அது எப்படி?"

தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்து பொங் பதில் சொன்னார். "அந்தச் செயலிங்க எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டாந்துரும் அக்கா. நாம எவ்வளவு கத்துறோமோ அவ்வளவு இறக்கிடும். கடைசியில நமக்கு மிச்சம், அடிபட்டது மட்டும்தான்."

புன்ரே அக்கா டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"என் புருஷன் மீன்பிடி கப்பல்ல போனவரு. வரல. அன்னைக்கு நான் கரையில நின்னு ஒரு தடவ கூப்பிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு இந்த அறைக்குள்ள நின்னு பாடுறப்பதான் அது மறுபடி வந்துச்சு. திரும்பப் பாடுன்னா வராது தம்பி. எனக்கே தெரியும், வராது. அந்த ஒண்ணைத்தான் வெட்டியிருக்கீங்க."

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"உங்கள் கருத்து உரிய குழுவின் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும் அக்கா."

"குழுவுல யாரு?"

"நான்தான் செயலாளர்."

"அப்ப பரிசீலி. நான் நிக்கிறேன்."

ஒரு படிவம் எடுத்துக் கொடுத்தேன். அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படிவத்தை மடித்துக் கிம்சி டப்பாவின் அடியில் கசிவுக்கு வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் படியிறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் பொங் என் மேசைக்கு வந்து ராஜினாமாக் கடிதத்தை வைத்தார். வெள்ளிக்கிழமையோடு விலகுகிறாராம்.

"காரணம் எழுதலையே?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாத காரணமா சார்?" என்றார். அப்போதும் பொங்கவில்லை. பொங்கியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை எங்கள் நிறுவனத்தின் வருடாந்தர உடல் பரிசோதனை. இங்கே ஒரு நிர்வாக நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். காது பரிசோதனைக்கு முதலாளி கண்ணாடிக் கூண்டுக்குள் ஹெட்போன் மாட்டி உட்காருவார். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் வெளியே நின்று, நர்ஸின் விரல் இயந்திரத்தைத் தொடும்போதெல்லாம் மூக்கைச் சொறிவேன். முதலாளி அழுத்துவார். இப்படி ஆறு வருடங்கள் அவர் காது 'நன்று' என்று சான்று பெற்று வந்தது. மூக்கு மட்டும் சிவந்துபோகும். இதை மோசடி என்று சொல்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது. மேலதிகாரியின் குறையைக் கீழதிகாரி தன் உறுப்பால் ஈடுசெய்வதுதான் நிர்வாகம்.

இந்த வருடம் எனக்கு வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் வந்து சேர்ந்தது. மயக்க ஊசி போட்டார்கள். என் பரிசோதனையெல்லாம் முடிந்து கண்விழித்தபோது நர்ஸ் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"உங்க முதலாளி ரொம்பக் கோவமா இருக்காரு சார். ஹெட்போன் ரிப்பேர்ங்கிறாரு. மூணு ஹெட்போன் மாத்திக் குடுத்துட்டோம்."

டாக்டர் முதலாளியைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். பேசினார் என்பதைவிட, எழுதிக் காட்டினார் என்பதே சரி. பல வருடங்கள் பெருஞ்சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் இரண்டு காதுகளிலும் மெல்லிய ஒலிகள் போய்விட்டன; உரத்தவை மட்டும் மிச்சம். முதலாளி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். எதிர்ச்சாரியில் இருந்த காது மெஷின் கடையில் அன்று மாலையே ஒரு ஜோடியைப் பரீட்சார்த்தமாக மாட்டிவிட்டார்கள்.

வியாழன் காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு அவர் அலுவலகத்துக்குள் நுழைந்தார். நடைவழியின் கடைசியில் காபி போட்டுக்கொண்டிருந்த சொக், வழக்கம்போல வாய்க்குள் முணுமுணுத்தார்: "கிழவன் இன்னைக்கு சீக்கிரம் வந்து தொலைச்சிட்டான்."

"ஆமாடா, வந்து தொலைச்சிட்டான்" என்றார் முதலாளி, வாசலில் நின்றபடியே.

சொக்கின் கையிலிருந்த கோப்பை விழுந்தது. வருடக்கணக்காக முணுமுணுப்பிலேயே ஓடிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் அந்தக் கணத்தில் ஊமையானது. அவர் ஒவ்வொரு மேசையாக நின்று நின்று நடந்தார். தண்ணீர் இயந்திரம் கொடகொடவென்றதும் துள்ளி விலகினார். "இது எப்பவுமே இப்படியா பேசும்?" என்று பொங்கைக் கேட்டார்.

மாலை நாலு மணிவாக்கில்தான் மிக்ஸிங் அறைக்குப் போனார். எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். 'தலை சீவியது' ஓடியது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. காது மெஷினைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னய்யா இது? தகரத்தைப் போட்டு உருட்டுற மாதிரி! யாரு பண்ணினது?"

"குழு, முதலாளி" என்றேன்.

"அந்தம்மா பண்ணின பாட்டு எங்க?"

பொங் 'நிராகரிக்கப்பட்டவை' கோப்புறையைத் திறந்தார். இரண்டு சொடுக்கு. முதலாளி மெஷினை மறுபடி மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார். 'தலையோடு' ஆரம்பித்தது. புன்ரே அக்கா மூச்சை இழுக்கும் சத்தம். அகப்பை பாத்திரத்தில் படுவதுபோல் ஒரு வாத்தியம். பிறகு அந்த மெல்லிய குரல், சோறு ஆறுது என்று, யாரிடமோ ரகசியம் போல. முதலாளி அசையவில்லை. கடைசிச் சரணத்தில் அக்கா கூப்பிட்டபோது அவர் கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தது. நான்கு விநாடி. தலைக்கு மேலே விட்டுவைத்த அந்த இடம் முழுவதையும் அந்தக் கூவல் எடுத்துக்கொண்டது. ஒரு துளியும் வழியவில்லை.

பாட்டு முடிந்ததும் கைப்பிடியை விட்டார். அப்புறம் சொன்னார்:

"முட்டை லாரியில என் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்துதான் வருவா. வழியெல்லாம் ஏதாவது பேசிட்டே வருவா. மேல ஸ்பீக்கர் கத்திக்கிட்டு இருக்கும். நான் சரி சரின்னு தலையாட்டுவேன். என்ன சொன்னான்னு ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப அவளும் இல்ல." மூக்கை உறிஞ்சினார். அந்தச் சத்தத்துக்கும் அவரே திடுக்கிட்டார். "இதை அனுப்பும்மா."

மாலை நாலு இருபதுக்குப் பொங் அனுப்பினார். நாலு ஐம்பதுக்கு நிலையத்திலிருந்து பதில்: "கிடைத்தது. நன்றி. இதை ஏன் முதலிலேயே அனுப்பவில்லை?"

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் எல்லோரும் கீழே பன்றிக்கால் கடையில் நின்று டிவி பார்த்தோம். திரையில் புன்ரே அக்கா எங்கிருந்தோ இரவல் வாங்கிய ஹான்போக் பட்டாடை உடுத்தி நாணத்தோடு உட்கார்ந்திருந்தார். பாட்டு ஆரம்பித்ததும் கடைக்காரர் கத்தியை வெட்டுப்பலகைமேல் வைத்துவிட்டார். யாரோ ஃபேனை நிறுத்தினார்கள். மெதுவான இடத்தைக் கேட்பதற்காக ஒரு கடை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை. மதியத்துக்குள் மங்வொன் சந்தையில் முள்ளங்கிக் கிம்சி தீர்ந்துபோனது. மீன்காரர் தன் கடையில் அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டாராம். நண்டுகள் பற்றித் தகவல் இல்லை.

முதலாளி பொங்கின் ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்தார். பொங் கைப்பையிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து வைத்தார். முதலாளி அதையும் கிழித்தார். மூன்றாவது பிரதியும் வந்தபோது, "என்னதாம்மா வேணும்?" என்றார். "கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்" என்றார் பொங். அன்றே போட்டார்கள்.

இத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு நிர்வாகம் கை கட்டி நிற்க முடியுமா? திங்கட்கிழமை நான் கூட்டத்தைக் கூட்டினேன். ஒரு சிறந்த பாட்டு நிறுவனத்துக்குள்ளேயே எட்டு நாள் முடங்கிக் கிடந்தது ஏன், தகரம் உருட்டிய பாட்டு வெளியே போனது எப்படி, பொறுப்பு யாருடையது என்று கண்டறிய, 'உயர்நிலை உண்மை அறியும் குழு' ஒன்றை அமைக்கலாம் என்று முன்மொழிந்தேன். மூன்று மாத அவகாசம், ஐந்து உறுப்பினர்கள், செயலாளர் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்ளத் தயார் என்றும் சொன்னேன். நல்ல முன்மொழிவு. பொறுப்பு என்பதைச் சரியான எண்ணிக்கையுள்ள குழுவில் பகிர்ந்துவிட்டால் யார் பங்குக்கும் ஒன்றும் தேறாது.

முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மெஷினின் சின்னத் திருகை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

"நம்குங், அன்னைக்கு டெஸ்ட் எடுத்தோமே. உன் ரிப்போர்ட் வந்துருச்சா?"

"வந்துருச்சு முதலாளி."

"காதுக்கு என்ன போட்டிருக்கான், படி."

கோப்பைத் திறந்தேன். தாளை எடுத்தேன். மருத்துவமனையின் முத்திரை பளிச்சென்று இருந்தது. பொங் என்னைப் பார்க்கவில்லை. சொக் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் எந்த அறிக்கையையும் நான் இவ்வளவு மெல்லிய குரலில் வாசித்ததில்லை.

"வலது காது, மிக நன்று. இடது காது, மிக நன்று."

கேட்காது என்றுதான் நினைத்தேன்.

"அப்ப குழு எதுக்குய்யா?" என்றார் முதலாளி. "ஆள் கெடச்சாச்சு."